மீனவ அரசன் என்ன மீன் பிடித்தான்? கிரெயில் கதையில் மாட்டிக்கொண்டேன்

தங்கச்சிமடத்தான்:

தடைக்காலம் வந்தால் ஐஸ் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை பாதியாகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு ஒன்றும் போகாது. அந்த நாட்களில் கதை எழுதுவேன். இந்த வருஷம் எடுத்தது கிரெயில் கதை. பழைய ஐரோப்பிய நைட்டுகள் (பட்டம் பெற்ற குதிரைவீரர்கள்) தேடிப் போன புனிதக் கிண்ணத்தை வைத்து ஒரு ஃபேன்டஸி நாவல். எட்டு அத்தியாயம் ஆகிவிட்டது. கோட்டை, பறவை நாகம், தங்கக் கிண்ணம், காயம்பட்டுச் சிம்மாசனத்தில் கிடக்கும் மீனவ அரசன் எல்லாம் உண்டு.

போன வாரம் மாமா (அம்மாவின் அண்ணன்) திண்ணையில் வலைக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசித்துக் காட்டினேன். நாகம் வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. மீனவ அரசன் வந்ததும் தலையைத் தூக்கி, "அவன் என்ன மீன் பிடிச்சான்?" என்றார். என் அரசன் மீனே பிடிக்கவில்லை. "அப்ப எதுக்குடா அந்தப் பேரு?" அப்புறம் இன்னொன்று: "அந்தக் கிண்ணம் கெடச்சா இவன் என்ன செய்வான்?" அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

கதை அங்கேயே நிற்கிறது. பேசாமல் எல்லாவற்றையும் பாம்பன் பக்கம் கொண்டுவந்துவிடலாமா என்று தோன்றுகிறது. நைட் என்பதற்குத் தமிழில் என்ன போடுவது என்பதும் தெரியவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை வாசகன்:

உங்கள் மாமா சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறார். நீங்கள் பின்னால் வந்த கதைகளிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். முதலில் எழுதியவர் கிரெத்தியன் தெ த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர், 1180களில். அதில் மீனவ அரசன் நிஜமாகவே மீன் பிடிக்கிறான். ஆற்றில் ஒரு படகு. ஒருவன் துடுப்புப் போடுகிறான், மற்றவன் தூண்டிலில் குட்டி மீனைக் கோத்து உட்கார்ந்திருக்கிறான். போரில் எறியீட்டி இரண்டு தொடையையும் துளைத்ததால் குதிரையில் ஏற முடியாது. வேட்டைக்குப் போக முடியாத ராஜாவுக்கு மிஞ்சிய பொழுதுபோக்கு தூண்டில். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

கிரெயிலும் அங்கே கிண்ணம் இல்லை. அகலமான பரிமாறும் தட்டு. அதில் பெரிய மீன் இருந்ததாக நினைத்துவிடாதே, ஒரே ஒரு நற்கருணை அப்பம்தான் இருந்தது என்று ஒரு துறவி பிறகு நாயகன் பெர்சிவலிடம் சொல்கிறார். மீன் வைக்கிற தாம்பாளம் என்றுதான் கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள்! அதை இயேசுவின் இறுதி இராவுணவின் பாத்திரமாக்கியவர் ரொபேர் தெ போரோன், 1200ஐ ஒட்டி. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஜெர்மன் மொழியில் எழுதிய வோல்ஃப்ராம் அதைக் கல் என்றே சொல்லிவிட்டார். ஆகவே பொருள் என்ன என்பதில் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம்.

அந்தக் கதையின் நரம்பு வேறு. பெர்சிவல் விருந்தில் உட்கார்ந்திருக்கிறான். நுனியில் ரத்தம் சொட்டும் ஈட்டி கண்முன்னே போகிறது, ஒரு பெண் கிரெயிலை ஏந்திப் போகிறாள். இது யாருக்கு என்று அவன் கேட்டிருந்தால் அரசன் குணமாகியிருப்பான். அதிகம் பேசாதே என்று குரு சொல்லியிருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தான். காலையில் கோட்டையில் ஆளே இல்லை. "பெரியவங்க இருக்கிற இடத்துல வாயத் திறக்காத" என்று வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வோல்ஃப்ராமிடம் இது இன்னும் அழகு. அரசன் நாயகனுக்குத் தாய்மாமன். பல வருஷம் அலைந்து திரும்பி வந்து அவன் கேட்கும் கேள்வி: "மாமா, உங்களுக்கு என்ன செய்யுது?" உடனே குணம். வாள் எங்கும் வேலை செய்யவில்லை. நாகத்தைத் தூக்கிவிடுங்கள்.

ஓரியூர்க்காரி:

பாம்பனுக்குக் கொண்டுவர வேண்டாம் என்பேன். எங்கள் ஊரில் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693இல் வெட்டுப்பட்ட இடத்தின் செம்மணலை வருகிறவர்கள் எல்லாம் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். என் பாட்டி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நம் திருப்பண்டம் (புனிதர் நினைவாக வைத்துக் கும்பிடும் பொருள்) அள்ள அள்ள இருக்கிறது. அதைத் தேடி யாரும் குதிரையேற வேண்டியதில்லை. கிரெயில் ஒன்றே ஒன்று, அதனால்தான் அலைச்சல்.

அந்த ஊர்களில் திருப்பண்டம் என்றால் காசும் அதிகாரமும் கூட. இயேசுவுக்குச் சூட்டியதாகச் சொல்லும் முள்முடி வெனிஸ் வியாபாரியிடம் அடகில் கிடந்தது, தெரியுமா? கான்ஸ்டான்டிநோப்பிளின் பேரரசர் வாங்கிய கடனுக்கு. பிரான்ஸின் ஒன்பதாம் லூயி கடனை அடைத்து 1239இல் அதை எடுத்துப் போனார், அதற்கென்றே பாரிஸில் ஒரு ஆலயமும் கட்டினார். 1098இல் அந்தியோக்கியாவில், இயேசுவின் விலாவைக் குத்திய புனித ஈட்டி என்று ஒன்றைச் சிலுவைப் போர்க்காரர்கள் தோண்டி எடுத்தார்கள். கனவில் இடம் தெரிந்தது என்று சொன்ன பீட்டர் பார்த்தலோமியுவைப் பலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. மறுவருஷம் அதை நிரூபிக்கத் தீக்குள் நடந்தார், சில நாளில் இறந்துபோனார். எனக்கு உங்கள் தங்கக் கிண்ணத்தைவிட அந்த அடகுச்சீட்டில்தான் கதை தெரிகிறது.

மண்டபம் முகாம்:

நைட்டை நைட் என்றே எழுதுங்கள். மறவன் என்று போட்டால் நம் மாவட்டத்தில் சாதிப் பெயராகத்தான் படிப்பார்கள், பின்னூட்டம் வேறு எங்கோ போய்விடும். குதிரைவீரன் என்றால் கூலிக்குப் போகிற சிப்பாய் மாதிரி இருக்கிறது. வேர்க்காட்டில் ஜூலை 25 திருவிழாவுக்குக் கும்பிடுகிறோமே சந்தியாகப்பர் (இயேசுவின் சீடர் யாக்கோபு), அவரைத்தான் ஸ்பெயினில் வெள்ளைக் குதிரையில் வாளோடு வரைந்தார்கள். அவர் பெயரிலேயே 12ஆம் நூற்றாண்டில் ஒரு நைட் சபை இருந்தது. அந்த வழியாக ஒருவன் நம் கரைக்கு வருவதாகவும் எழுதலாம். ஓரியூர்க்காரி திட்டுவார்.

தங்கச்சிமடத்தான்:

மூவருக்கும் நன்றி. கதையைப் பாம்பனுக்குக் கொண்டுவராமல் ஐரோப்பாவிலேயே விட்டுவிட்டேன். நாகம் போய்விட்டது, மூன்று அத்தியாயம் மிச்சம். தாய்மாமன் சமாச்சாரத்தை மாமாவிடம் சொன்னேன். "என்ன செய்யுதுன்னு மாமனைக் கேக்குறதுக்கு ஒருத்தனுக்கு இத்தனை வருஷமா?" என்று சிரித்தார். தூண்டில் விஷயம்தான் அவருக்குப் பிடித்தது. குட்டி மீனைக் கோத்தான் என்றால் பெரிய மீனுக்குத்தான் உட்கார்ந்திருக்கிறான், விவரமானவன் என்றார். அப்புறம் வலையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கேட்டார்: "சரி, கெடச்சுதா?"

கீழக்கரை அண்ணே, கிடைத்ததாக அதில் ஏதாவது இருக்கிறதா?

கீழக்கரை வாசகன்:

இல்லை. வழி கேட்ட பெர்சிவலுக்கு அரசன் ராத்தங்க இடம் சொன்னதோடு அந்தக் காட்சி முடிகிறது. கதையையும் கிரெத்தியன் முடிக்கவில்லை, பாதியில் நிற்கிறது. மாமாவையே கேட்டு எழுதுங்கள்.