மருந்துக் கம்பெனிக்காக நோயாளிகளிடம் கேள்வி கேட்கும் பேஷன்ட் சர்வேக்குப் போன அனுபவங்கள்: மறக்க முடியாத ஒரு ஆள்?

பாம்பன் காத்து:
சர்க்கரை மாத்திரை சர்வே, சின்னப்பாலம் பக்கம். கடல்பாசி எடுத்துவிட்டு அப்போதுதான் கரையேறிய ஒரு அக்கா, தலை ஈரம்கூடத் துவட்டாமல் உட்கார்ந்து பதில் சொன்னார். ‘காலில் மரத்துப்போன உணர்வு உண்டா?’ என்று கேட்டேன். ‘அதெல்லாம் இல்ல தம்பி’ என்றார். கையிலிருந்த டேப் திரையில் ‘இல்லை’யைத் தட்டிவிட்டுக் குனிந்தால், அவர் குதிகாலைச் சுற்றி மணல் சிவந்திருக்கிறது. பாறை கிழித்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. மருத்துவ ஆலோசனை எதுவும் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு விதி. ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று மட்டும் சொன்னேன். கடைசிக் கேள்வி, மாத்திரைக்கு எத்தனை மார்க்? ‘பத்துக்குப் பத்து போட்டுக்கங்க, ஒங்க பொழப்பு கெட்டுறக் கூடாது.’ அந்தப் பத்தை அப்படியே அனுப்பினேன்.

மண்டபம் கேம்ப்:
அந்தப் பத்து செல்லாது. நம்ம ஊரில் வீட்டுக்கு வந்தவன் மனசு நோக யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். அந்த ‘இல்லை’யும் தப்பு. எனக்கு என்றால் ஒரு தாத்தா, மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது என்றார். பக்க விளைவு காதில் விழுந்தால் மறுநாளுக்குள் கம்பெனிக்குச் சொல்லணும் என்பது பயிற்சியிலேயே சொன்னதுதான். சூப்பர்வைசரோ, ‘ஃபார்ம் நிறைய நிரப்பணும், விடு’ என்றார். விட்டேன்.

ஏர்வாடி மாமா:
விட்டதைப் பெருமையாக வேறு சொல்வதா? 1800-180-3024, மருந்தின் பக்க விளைவைச் சொல்ல அரசாங்கத்தின் இலவச எண். நோயாளியே கூப்பிடலாம். அப்புறம் அந்த அக்கா மாதிரி ஆட்களுக்கு: ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள். விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், சுடுவது தெரியாமல் வெந்துபோகும். வெறுங்காலோடு வாசலுக்குக்கூட வரக் கூடாது. மாத்திரை வாங்க அலைய முடியாதவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெண்களிடம் பெயர் கொடுங்கள், 2021 ஆகஸ்ட்டிலிருந்து வீட்டுக்கே வந்து தருகிறார்கள். எனக்குச் சொல்ல அனுபவம் ஒன்றும் இல்லை, என் தங்கச்சிக்கு ஒரு விரல் போயிற்று, அவ்வளவுதான்.

பாம்பன் காத்து:
மாமா, வெறுங்கால் வேண்டாம் என்று அவருக்கும் தெரியும். செருப்பு கட்டித்தான் இறங்கியிருந்தார். வார் அறுந்திருக்கிறது.

கீழக்கரை மருமகள்:
நான் கேள்வி கேட்கப் போனவள் இல்லை, கேட்கப்பட்ட வீட்டுக்காரி. மாமியாரிடம் ஒரு பெண் வந்து, ‘உங்க சர்க்கரை நோய் ஒரு மிருகம்னா எந்த மிருகம்மா?’ என்று கேட்டாள். சிங்கம், பாம்பு, யானை என்று அட்டையில் படம் வேறு. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். மாமி யோசித்து, ‘திருக்கை’ என்றார். ‘மணலுக்குள்ள கெடக்கும்மா. மிதிச்சாத்தான் தெரியும்.’
அந்தப் பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘மற்றவைன்னு போட்டுக்கறேன்’ என்றாள்.