முதல் நாளே பின் சக்கரத்தில் போக்ஸ் கம்பி அறுந்துவிட்டது, புதுச்சேரி வரை ஓட்டலாமா?

கடலோரப் பயணி:
வேளச்சேரியிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடற்கரை வழியாகக் கூடாரத்தோடு சைக்கிளில் கிளம்பியிருக்கிறேன். இன்று முதல் நாள். பாலாற்றுப் பாலம் தாண்டும் வரை நன்றாகத்தான் இருந்தது. கடப்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடையில் இறங்கியபோது 'டங்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டை ரிம்மில் 'சர்க், சர்க்' என்று உரச ஆரம்பித்தது. பார்த்தால், செயின் பக்கக் கம்பி ஒன்று ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) ஒட்டிய வளைவில் அறுந்து தொங்குகிறது.

பிரேக்கைத் தளர்த்திவிட்டு மெதுவாக மரக்காணம் வந்து சேர்ந்தேன். காவலரிடம் கேட்டு, புயல் பாதுகாப்பு மையத்து வராந்தாவில் கூடாரம் போட்டிருக்கிறேன்.

700சி சக்கரம், 32 கம்பி, வி பிரேக். சுமை 18 கிலோ, எல்லாம் பின் கேரியரில். கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் நிப்பிள் சாவியும் மாற்றுக் கம்பி இரண்டும் இருக்கின்றன. ஃப்ரீவீல் (பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) கழற்றும் கருவி இல்லை. ஃப்ரீவீல் மறைப்பதால் கம்பியை ஹப்பில் நுழைக்க முடியவில்லை. புதுச்சேரி இன்னும் 35 கிலோமீட்டர் இருக்கும். ஓட்டலாமா, பஸ்ஸில் ஏற்ற வேண்டுமா? ஆறு மாதமாகத் திட்டம் போட்ட பயணம், முதல் நாளே பஸ் ஏற மனசு வரவில்லை.

பழைய பெடல்:
தம்பி, ஒரு கம்பிதான் என்றால் ஓட்டலாம். முதலில் மற்ற 31 கம்பிகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்திப் பாருங்கள். இன்னொன்று தொளதொளவென்று இருந்தாலோ, ஹப்பின் துளை ஓரத்தில் விரிசல் தெரிந்தாலோ யோசிக்காமல் பஸ் ஏறிவிடுங்கள்.

கடலோரப் பயணி:
பார்த்துவிட்டேன் அண்ணா. விரிசல் இல்லை, மற்றவை இறுக்கமாகத்தான் இருக்கின்றன.

பழைய பெடல்:
சரி. அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றி டேப் போடுங்கள். வலப்பக்கக் கம்பி போனதால் ரிம் இடப்பக்கம் இழுபட்டிருக்கும். அறுந்ததற்கு முன்னும் பின்னும் இருப்பவை இடப்பக்கக் கம்பிகள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அவை இரண்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். கம்பி ரிம்மில் சேரும் இடத்திலுள்ள நிப்பிளை, டயர் பக்கமிருந்து பார்த்து இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும். சுற்றிப் பாருங்கள், போதவில்லை என்றால் இன்னும் கால் சுற்று. கோட்டம் முழுக்கப் போகாது, பிரேக் கட்டையில் உரசாமல் இருந்தால் போதும்.

உப்புக்காற்று:
நண்பா, சுமையைப் பிரித்துப் போடுங்கள். கூடாரத்தை ஹேண்டில்பாரில் கட்டுங்கள், தண்ணீரை முன்னால் மாற்றுங்கள். வேகத்தடையில் சீட்டிலிருந்து எழுந்துவிடுங்கள். விடியும்போதே கிளம்பினால் கடல் காற்று ஏறுவதற்குள் சேர்ந்துவிடலாம்.

வேகத்தடை கடைசிச் சாக்குதான். ஒவ்வொரு சுற்றிலும் கம்பி ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகும். டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், நீங்கள் வந்த 110 கிலோமீட்டருக்கு 50,000 சுற்றுக்கு மேல் வரும். இறுக்கம் குறைவாக இருந்த கம்பி, சுமையும் சேர்ந்ததால் வளைவில் களைத்துப்போயிருக்கும். புதுக் கம்பி போட்டதோடு விடாமல், சக்கரம் முழுவதையும் சமமாக இறுக்கிக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள்.

கடலோரப் பயணி:
புதுச்சேரி வந்துவிட்டேன்! முக்கால் சுற்றில் உரசல் நின்றது. கடைக்காரர் ஃப்ரீவீலைக் கழற்றி என் கம்பியையே போட்டார். தட்டிப் பார்த்தபோது செயின் பக்கம் இன்னும் நான்கு கம்பிகள் மந்தமாக ஒலித்தன, அவற்றையும் இறுக்கிக் கொடுத்தார். மிச்சமிருக்கும் ஒரு கம்பியைக் கேரியர் தண்டில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். நன்றி அண்ணா, நன்றி நண்பா. இன்று இங்கே ஓய்வு, நாளை விடிந்ததும் கடலூர் வழியாகச் சிதம்பரம்.