ஜப்பானில் ஆங்கில வகுப்பு: பேசத் தயங்கும் மாணவர்கள்

கேள்வி:
வணக்கம். ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏப்ரல் முதல் துணை ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். எழுத்துப் பயிற்சியைப் பிழையின்றி முடிக்கும் பிள்ளைகள், எழுந்து பேசச் சொன்னால் தலைகுனிந்து நிற்கிறார்கள். அதிலும் மூன்றாமாண்டினர் வாயே திறப்பதில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
தவறு உங்களுடையதன்று. மூன்றாமாண்டின் இறுதியில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு காத்திருப்பதாலும், வகுப்பார் முன்னிலையில் பிழைபடப் பேசுவதைப் பெரும் கூச்சமாக அந்த வயதினர் கருதுவதாலும், தனியாக எழுப்பிக் கேட்பது அவர்களை மேலும் மௌனமாக்கும். முதலில் பக்கத்து மாணவருடன் இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். பிறகு இருவரையும் சேர்த்தே கேளுங்கள். உச்சரிப்பையும் கவனியுங்கள். சொல்லின் மேல் கதகனா என்னும் ஜப்பானிய அசையெழுத்தில் குறித்துக்கொண்டு படிப்பதால் 'மில்க்' என்பது 'மிருகு' ஆகிவிடுகிறது. நாமும் பேச்சில் 'பஸ்ஸு' என்று உகரம் சேர்ப்பவர்கள்தானே. அதனால் அவர்களுடைய இடர்ப்பாடு நமக்கு எளிதில் விளங்கும்.

மறுமொழி 2:
வெளிநாட்டவரைப் பள்ளிகளில் துணை மொழியாசிரியர்களாக அமர்த்தும் ஜெட் என்னும் ஜப்பானிய அரசுத் திட்டம் 1987இல் தொடங்கியது முதலே அங்கு வழக்கம், ஜப்பானிய ஆசிரியரும் வெளிநாட்டவரும் இணைந்து கற்பிப்பதுதான். ஆகவே, பாடத்தை முன்கூட்டியே அவரிடம் காட்டி, வகுப்பின் தொடக்கத்தில் நீங்கள் இருவரும் ஒரு சிறு உரையாடலை நடத்திக் காட்டுங்கள். தங்கள் ஆசிரியரே தயங்கித் திருத்திப் பேசுவதைக் கண்ட பிறகுதான் என் மாணவர்கள் துணிந்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. திங்கட்கிழமை வகுப்பை இணைப் பேச்சுடன் தொடங்குகிறேன்.