சப்ளிமென்ட்: துணைநூலா, சார்புநூலா? கூடவே 'முறைவைப்பு'

நண்பர்களுக்கு வணக்கம்.

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதைப்பாத்திரமாக ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில், விதிநூலை ஒட்டித் தனியே வெளிவரும் கூடுதல் நூலான சப்ளிமென்டுக்குத் தமிழில் 'துணைநூல்', 'பின்னிணைப்பு', 'அனுபந்தம்' ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. துணைநூல் என்றவுடன் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்துப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. பின்னிணைப்பு ஒரு நூலுக்குள்ளேயே இருப்பது; தனியே விலைக்கு வருவதன்று. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்களோடு ஆட வரும் மலையாள நண்பர்களுக்கு அனுபந்தம் உடனே விளங்கினாலும், அவர்களும் அதைப் பின்னிணைப்பாகவே கொள்கிறார்கள்.

நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என வகுக்கிறது. விதிநூலை முதல்நூல் என்றும் சப்ளிமென்டைச் சார்புநூல் என்றும் வழங்கினால், முதல்நூல் இல்லாதவருக்கு மற்றது பயன்படாது என்ற வணிக உண்மையும் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் எண்ணிட்ட சார்புநூல்கள் நான்கு வந்தன.

அவற்றை எந்த இடைவெளியில் வெளியிடுவது என்பதைக் குறிக்கும் சொல்தான் கடினமானது. 'வெளியீட்டு அட்டவணை' தேதிகளை மட்டும் காட்டுகிறது. விடும் முறை என்பதால் 'விடுமுறை' என்றால், பதிப்பகத்தையே பூட்டிவிட்டதாக நினைப்பார்கள். ஆழியாற்றுத் தண்ணீரை மூலத்தரைத் தடுப்பணையில் தேக்கி வாய்க்கால்களுக்குப் பிரிக்கும் எங்கள் பகுதியில், முறை வைத்துத் தண்ணீர் விடுவது என்பது அன்றாடப் பேச்சு. அணையில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு கடைமடை வயல் எப்போது பாய்ந்து முடிகிறது என்பதும் அதில் கணக்கு. எனவே 'முறைவைப்பு' என்கிறேன்.

எங்கள் மேசையில் ஐவர். ஞாயிறுதோறும் மூன்று மணிநேரம் ஆடியும் ஒரே சாகசநூலை, அதாவது ஆடுவதற்கான கதையைத் தரும் சார்புநூலை, முடிக்க ஒன்பது மாதமாயிற்று. அதை வாங்கியவரும் ஆட்டத்தை நடத்தும் மாஸ்டர் ஒருவரே. பாத்திரங்களுக்குப் புதிய திறன்கள் தரும் நூலையோ ஐவருமே வாங்கக்கூடும். இரண்டுக்கும் ஒரே முறைவைப்பு பொருந்தாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் 1990களில் ரேவன்லாஃப்ட், டார்க் சன், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட் எனக் கதையுலகங்களை அடுக்கிக்கொண்டே போக, ஓர் உலகத்தின் நூலை வாங்கியவர் மற்றோர் உலகத்தைத் தொடாமல், வாங்குவோர் கூட்டம் சிறு சிறு பாத்திகளாகப் பிரிந்தது. கடைகளிலிருந்து திரும்பிய நூல்களும் கடனும் சேர்ந்துகொள்ள, 1997இல் நிறுவனம் கைமாறியது. அதே விளையாட்டுக்கு 2014இல் வந்த ஐந்தாம் பதிப்புக்குத் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒருசில நூல்களே வந்தன.

இத்துறையின் மற்றொரு பதிப்பகமான பைசோ நிறுவனம் 2007 முதல் மாதந்தோறும் ஒரு சாகசநூல் வெளியிட்டதே என்று மறுக்கலாம். ஆனால் அவை தொடக்க ஆண்டுகளில் ஆறு பகுதிகளில் முடிந்த தொடர்கதைகள். சந்தா கட்டி, ஆடாமல் படிப்பதற்கே வாங்குவோரும் உண்டு. அதை ஆறு சுற்று கொண்ட ஒரே முறையாகக் கருதுகிறேன்.

பி.டி.எஃப். வடிவில் மட்டும் வரும் பத்துப் பக்க வெளியீட்டையும் 'நூல்' என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதைச் 'சார்பேடு' எனலாமா என்று நண்பர்கள் கூறுங்கள்.