பாண் விலை வழக்கு: அம்மாவுடன் படிவம் நிரப்பிய நாள்

கனடாவில் பெரிய நிறுவனங்கள் பேசிவைத்துப் பாண் (பிரெட்) விலையை ஏற்றியதற்காக, பாண் வாங்கியவர்கள் சார்பில் நடந்த வழக்கில் கிடைத்த பணத்துக்கு விண்ணப்பித்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் எழுதுவது ஸ்காபரோவில் இருக்கும் என் அம்மாவைப் பற்றி.

நாங்கள் 1999இல் கனடா வந்தோம். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் மாலை வேலை. காலையில் மூன்று பிள்ளைகளுக்கும் பள்ளிக்குக் கட்டிக்கொடுப்பது பாண்தான். சில நாள் முட்டை, சில நாள் சம்பல். வாரத்துக்கு மூன்று பாண் வாங்குவார். விலை ஏறும்போதெல்லாம், "மா விலை கூடியிருக்கும்" என்று அவரே காரணம் சொல்லிக்கொள்வார்.

2017 டிசம்பரில் லொப்லோ என்ற பெரிய கடைத் தொடரும் அதன் தாய் நிறுவனமான ஜோர்ஜ் வெஸ்டனும் உண்மையை ஒப்புக்கொண்டன. 2001 முதல் பேசிவைத்துப் பொதிப் பாணின் விலையை ஏற்றிய ஏற்பாட்டில் தங்களுக்கும் பங்கு இருந்தது என்றன. 2015இல் தாங்களே, வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் அரசின் போட்டிப் பணியகத்திடம் போய்ச் சொல்லிவிட்டதால் அவற்றுக்குக் குற்றவியல் தண்டனை இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நீதிமன்ற ஆவணங்களில் பணியகம் சொன்ன கணக்கு இது: ஒவ்வொரு ஏற்றத்திலும் உற்பத்தியாளர் விலையில் 7 சதமும் கடை விலையில் 10 சதமும் கூட்டினார்கள். வாரம் மூன்று பாண் என்றால் ஒரே ஒரு பத்துச் சதம் ஆண்டுக்கு 15 டொலருக்கு மேல் வரும். அப்படி எத்தனை பத்துச் சதங்கள்!

2018இல் பாண் வாங்கியவர்களுக்கு லொப்லோ 25 டொலர் அட்டை கொடுத்தபோது அம்மா பதியவில்லை. "சும்மா யார் காசு தருவார்கள்?" என்றார். வரித் திணைக்களத்திலிருந்து பேசுவதாக மிரட்டும் போலி அழைப்புகள் எங்கள் ஆட்களுக்கு ஓயாமல் வந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய பயத்தில் தவறில்லை.

பிறகு வந்ததுதான், வழக்கை முடிக்க அந்த இரண்டு நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட 500 மில்லியன் டொலர் இணக்கத் தீர்வு. அதில் 96 மில்லியன் முன்பு கொடுத்த அட்டைகளுக்காகக் கழிக்கப்பட்டது. மீதி 404 மில்லியன் பணம். 2025 மே மாதத்தில் ஒன்ராறியோ நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. விண்ணப்பிக்க அந்த ஆண்டு டிசம்பர் 12 கடைசி நாளாக இருந்தது. இந்த முறை நான் விடவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு அம்மாவின் வீட்டுக்குப் போனேன்.

அம்மா அலமாரியிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். வாடகைச் சீட்டு, மின்சாரக் கட்டணம், எங்கள் தடுப்பூசி அட்டை எல்லாம் இருந்தன. பாண் வாங்கிய சீட்டு ஒன்றுகூட இல்லை. "அப்போ கிடைக்காது" என்று மூடிவிட்டார். சீட்டே கேட்கவில்லை, வாங்கியதாக உறுதி கூறினால் போதும் என்றேன். அப்போதுதான் உண்மையாகவே தயங்கினார். "ஆதாரம் இல்லாமல் எப்படிப் பிள்ளை உறுதி சொல்வது?"

நாங்கள் மூன்று பேரும்தான் ஆதாரம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் பெயரைத் தானே எழுத்து எழுத்தாகத் தட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விண்ணப்பித்தார்களா? அதிகம் பாண் வாங்கியவர்களே இந்தச் செய்தியை அறியாமல் போனார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

மறுமொழி, மிசிசாகாவிலிருந்து:

தங்கச்சி, நான் 2018இல் அட்டை வாங்கியவன். அதனால் மற்றவர்களுக்கு 25 டொலர் கொடுத்த பிறகு மீதி இருந்தால்தான் எனக்குப் பங்கு. அது நியாயம்தான்.

நான் எழுத வந்தது வேறு விடயம். 2007இல் ஒரு கடையில் இரவு வேலை செய்தேன், பெயர் வேண்டாம். பாண் அடுக்குவதும் விலைத் துண்டு மாற்றுவதும் என் வேலை. 2023இல் பாண் தயாரிக்கும் கனடா பிரெட் நிறுவனம் இதே விலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 மில்லியன் டொலர் அபராதம் கட்டியபோது, 2007இலும் 2011இலும் நடந்த விலையேற்றங்களுக்காக என்று செய்தியில் வந்தது. 2007 என்று படித்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

நம் தமிழ் அம்மாமார் விலையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, திரும்பவும் கூட்டிவிட்டார்களா?" என்று என்னிடம் கேட்பார்கள். மா விலை கூடிவிட்டது அம்மா என்று சொல்லியிருக்கிறேன். நம்பித்தான் சொன்னேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் பாணை எடுத்துக்கொண்டு போவார்கள்.