கருவண்டு துளைத்தால் மூங்கில் பந்தல் விழுமா?

கொருக்குப்பேட்டை மாடித்தோட்டம்:
தம் பழைய பந்தல் விழுந்ததற்குப் பம்பிள் தேனீக்கள் போட்ட துளையே காரணம் என்றும், புதுப் பந்தலிலும் துளை தென்பட்டதால் மண்ணெண்ணெய் ஊற்றி அடைத்துவிட்டதாகவும், எல்லாரும் அப்படியே செய்ய வேண்டும் என்றும் தண்டையார்பேட்டை அண்ணன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பம்பிள் தேனீ இமயமலைக் குளிரில் வாழ்வது. எலி விட்டுப்போன வளைகளில் கூட்டமாகக் குடியிருப்பது. நம் பந்தலுக்கு வருவது கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ. அது மூங்கிலைத் தின்பதில்லை. உள்ளே மகரந்தத்தையும் தேனையும் குழைத்து உருண்டையாக்கி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு முட்டையிட்டு, சுரண்டிய தூளால் தடுப்புச் சுவர் எழுப்புகிறது. என் மாடியில் நான்கு ஆண்டுகளாக இரண்டு துளைகள் இருக்கின்றன; பந்தல் நிற்கிறது.

தண்டையார்பேட்டை பந்தல்காரன்:
பெயர் எதுவானால் எனக்கென்ன அம்மா? மூங்கில் முறிந்த இடம் துளை. கண்ணால் பார்த்தவன் நான்.

கொருக்குப்பேட்டை மாடித்தோட்டம்:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று விழுந்தது என்று எழுதியவரும் நீங்கள்தானே? அன்று எங்கள் தெருவில் துளையே இல்லாத கம்பங்களும் சாய்ந்தன.

வியாசர்பாடி பாட்டி:
சண்டை இருக்கட்டும். பேரன் மாடியில் விளையாடுகிறான். அது கொட்டுமா, கொட்டாதா?

கொருக்குப்பேட்டை மாடித்தோட்டம்:
ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, அம்மா; முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவதோடு சரி. பெண் கொட்டும், ஆனால் கையில் பிடித்து நசுக்கினாலொழியப் பெரும்பாலும் கொட்டாது. கத்தரிப் பூவைக் கட்டிப்பிடித்து அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்ப்பதும் அதுதான். தேன் தரும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. முருங்கைப் பூவுக்கும் அது வேண்டும்.

தண்டையார்பேட்டை பந்தல்காரன்:
முருங்கையைப் பற்றி நீங்கள் பேசலாமா? கம்பளிப்பூச்சிக்குத் தீப்பந்தம் காட்டச் சொன்னது யார்? என் மரம் பாதி கருகிப் போனதை நான் மறக்கவில்லை.

கொருக்குப்பேட்டை மாடித்தோட்டம்:
தண்டிலிருந்து சற்றுத் தள்ளிக் காட்டுங்கள் என்றேன்; மரத்தைக் கொளுத்தச் சொல்லவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். புயலில் விழுந்ததற்கு வண்டு பொறுப்பா?

ராயபுரம் தச்சுப்பட்டறை:
நாற்பது ஆண்டுகளாக உளி பிடிக்கிறேன், என் சொல்லையும் கேளுங்கள். ஒரே மூங்கிலில் வரிசையாகப் பல துளைகள் விழுந்தால் வலு குறையும், அதை மறுக்க முடியாது. ஆனால் தொட்டி மண்ணில் ஊன்றிய அடிப்பகுதி மழையில் ஊறி மக்கியிருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. மரமானால் வண்ணம் பூசி வையுங்கள். பூசிய மரத்தை அது அவ்வளவாக நாடாது. அருகிலேயே பழைய மூங்கில் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் அதில் குடியேறவும் கூடும்.

தண்டையார்பேட்டை பந்தல்காரன்:
தச்சரே வலு குறையும் என்று சொல்லிவிட்டார்!

கொருக்குப்பேட்டை மாடித்தோட்டம்:
பல துளைகள் என்றார். உங்கள் மூங்கிலில் எத்தனை? முறிந்த துண்டைப் படமெடுத்துப் போடுங்கள்.

தண்டையார்பேட்டை பந்தல்காரன்:
அதைப் போகியன்றே எரித்தாயிற்று.

கொருக்குப்பேட்டை மாடித்தோட்டம்:
அப்படியென்றால் எதை நம்பி எல்லாரையும் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னீர்கள்? அந்தத் துளைக்குள் முட்டைகளும் புழுக்களும் இருந்திருக்கும், அண்ணா.

தண்டையார்பேட்டை பந்தல்காரன்:
முறிந்த இடம் துளைதான். எத்தனை முறை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.