பழைய லேப்டாப்பில் வைஃபை ரொம்ப மெதுவு, கார்டு மாற்றலாமா? (அவசரம்)

வாடிப்பட்டியான்:
புது ஃபைபர் கனெக்‌ஷன், 100 எம்பிபிஎஸ் பிளான். போனில் 90 வருகிறது, லேப்டாப்பில் 30ஐத் தாண்டவில்லை. தங்கைக்கு ஆன்லைன் தேர்வு இருக்கிறது. இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு வாங்கிப் போடலாமா?

திருமங்கலத்தான்:
என்ன லேப்டாப், எந்த வருடம், உள்ளே இப்போது என்ன கார்டு? ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

மாடக்குளம்:
கார்டை இயக்கும் மென்பொருள், அதாவது டிரைவர்தான் காரணம். நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், சரியாகிவிடும்.

வாடிப்பட்டியான்:
2014 வாக்கில் வாங்கியது. விண்டோஸ் 10. டிரைவர் மாற்றிப் பார்த்துவிட்டேன் அண்ணே.

வைகைக்கரை:
இதை இங்கே எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘netsh wlan show drivers’ கொடுங்கள். அதில் வரும் வைஃபை வகைகளில் 802.11ஏ, ஏசி இரண்டும் இல்லையென்றால் அது வேகமான 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்காது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கிற கார்டு. ஒற்றை ஆன்டெனா என்றால் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ்தான், கைக்கு வருவது அதில் பாதி. எந்த டிரைவரும் இதை மாற்றாது.

வாடிப்பட்டியான்:
பி, ஜி, என் மட்டும்தான் காட்டுகிறது.

திருமங்கலத்தான்:
அப்போ கார்டுதான். ஆனால் ஏஎக்ஸ்210 வேண்டாம். அது எம்.2 என்ற புது வகை ஸ்லாட்டுக்கான வடிவம், அந்தக் காலத்து லேப்டாப்பில் பெரும்பாலும் பாதி அளவு மினி பிசிஐஇ என்ற பழைய வகை ஸ்லாட்தான், நேராக உட்காராது. இன்டெல் 7260 மினி பிசிஐஇயில் கிடைக்கும், 867 எம்பிபிஎஸ் வரை இணையும். அதே 7260 பெயரில் ஏசி இல்லாத வகையும் விற்கிறார்கள், லேபிளில் ஏசி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதலில் பின்மூடியைக் கழற்றி ஸ்லாட்டையும் ஆன்டெனா ஒயரையும் பாருங்கள். ஒரே ஒயர் என்றால் 433 எம்பிபிஎஸ்தான். லேப்டாப்பைத் துவக்கும் மென்பொருளான பயாஸும் முக்கியம்: சில பழைய திங்க்பேட் லேப்டாப்களில் பயாஸ் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் 1802 பிழை காட்டி பூட் ஆகாமல் நின்றுவிடும்.

சிம்மக்கல்:
5 கிகாஹெர்ட்ஸுக்காகக் காசைக் கொட்டாதீர்கள். எங்கள் வீடு பழைய காலத்துச் சுவர், அடுத்த அறைக்கே அது வராது.

மாடக்குளம்:
ஸ்க்ரூவே கழற்ற வேண்டாம், 5 கிகா பிடிக்கிற யூஎஸ்பி டாங்கிள் போதும்.

வைகைக்கரை:
சுவரைக் குறை சொல்வதற்கு முன் ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். தேர்வு என்றால் லேன் கேபிள், பேச்சே இல்லை.

சிம்மக்கல்:
வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க ஹவுஸ் ஓனர் விடுவாரா?

வைகைக்கரை:
யார் துளைக்கச் சொன்னது? நிலைப்படி ஓரமாகத் தட்டைக் கேபிளை விடலாம்.

சிம்மக்கல்:
கதவு அடித்து அடித்து ஒயர் நசுங்கிவிடும் சார். பட்டவன் சொல்கிறேன்.

வாடிப்பட்டியான்:
லேன் ஒயர் போட்டாச்சு, 90 வருகிறது. தேர்வு முடியட்டும், அப்புறம் ஸ்லாட்டைப் பார்க்கிறேன். நன்றி.

சிம்மக்கல்:
ஒயரை எந்த வழியாக இழுத்தீர்கள் தம்பி?